தேர்தலுக்கு வைத்த தகரம்

கடுகண்ணாவை
12 ஆகஸ்ட் 2018

தம்பி அகீல்,

ஸலாம் முதலில், முறைப்பாடு பிறகு. போனில் சொல்லலாமென்றால் "கூட்டத்தில ஈக்கிறேன் மச்சான், பிறகு எடுக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. கடிதமென்றால் நீ நடுவில் வெட்ட முடியாது.

வியாழக்கிழமை உன் ஆட்கள் லொறியில் தகரம் கொண்டுவந்து என் மிளகு ஸ்டோரில் இறக்கினார்கள். பின்பக்கம் முழுக்க அடைத்துவிட்டது. மே மாதக் காற்றில் கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் கூரை பறந்ததே, அதற்காக மாகாண சபை நிதியில் நீ எடுத்துக் கொடுத்த தகரம் என்று ட்ரைவர் சொன்னான். நல்ல காரியம். "அப்படியென்றால் கலஹாவுக்குப் போகாமல் கடுகண்ணாவைக்கு ஏன் வந்தது?" என்று கேட்டேன். "எலெக்ஷன் அறிவிச்ச பொறகு மெம்பர் ஐயா படத்த ஒட்டிக் குடுக்கப் போறாராம்" என்று சிரிக்கிறான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மூட்டை தூக்கி வியாபாரம் படித்தவன். இந்த ஊர் ஈரத்தில் மிளகையே ஓயாமல் கிளறிக்கொண்டிருக்கிறேன். தகரத்தை அடுக்கிப் போட்டுவைத்தால் இடையில் ஈரம் நின்று வெள்ளை பூக்கும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சரக்கைப் பிடித்துவைத்து விலை ஏறக் காத்திருப்பது எனக்கும் தெரியும். ஆனால் மிளகு விலையேற நான் காத்திருக்கும்போது யாரும் நனைவதில்லை.

2013 தேர்தலில் உன்னுடைய விருப்பு வாக்கு இலக்கத்தைச் சுவர் சுவராக ஒட்டியது என் லொறி. உன்னைத் தேடி மனுவோடு வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக் களைத்தது என் வீட்டுக்காரி, உன் கூடப்பிறந்த ராத்தா. அந்த உரிமையில் சொல்கிறேன், இந்தக் கிழமைக்குள் தகரத்தை உரிய இடத்துக்கு அனுப்பு.

ராத்தா றுமைஸாவுக்கு உடம்பு இன்னும் சரியில்லை. இரத்தம் சுத்தம் செய்யக் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன். உன் அலுவலகத்தைத் தாண்டித்தான் போகிறோம். ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்க்கிறாள்.

மர்சூக்


மாகாண சபை உறுப்பினர் அலுவலகம், கண்டி
3 செப்டம்பர் 2018

அன்பின் மச்சான்,

உங்கள் கடிதத்தை வாசித்துச் சிரித்தேன். கோபப்படாதீர்கள். வியாபாரத்தில் நீங்கள் புலி. அரசியலில் இன்னும் கடைக்கு வெளியே நிற்கிறீர்கள்.

அடுத்த மாதம் சபையின் காலம் முடிகிறது. ஜனவரியில் தேர்தல் நிச்சயம், மேலிடத்திலிருந்தே சொல்லிவிட்டார்கள். இப்போது தகரத்தைக் கொடுத்தால் ஜனவரியில் தோட்டத்தில் யாருக்கு ஞாபகம் இருக்கும்? போன முறை தண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுத்தேன். ஆறு மாதத்தில் இன்னொருவர் வந்து அதே குழாய்க்குப் பக்கத்தில் தன் பெயர்க்கல்லை நட்டுவிட்டார். என் வேலைக்கு அவருக்கு மாலை. அன்று பட்ட பாட்டில் படித்த பாடம் இது.

அந்த லயத்திலேயே என் அமைப்பாளர் சுந்தரலிங்கம் இருக்கிறான், கெட்டிக்காரப் பையன். தகரம் வந்தே தீரும் என்று சனத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறான். நாலு மாதம் கூரைக்குத் தறப்பாளைக் கட்டிச் சமாளிப்பார்கள். அவர்களுக்குப் பழக்கம்தானே.

நான் ஒரு தகரத்தைக்கூட வீட்டுக்கு எடுக்கவில்லை, மச்சான். மற்றவர்கள் எடுப்பதை நீங்கள் பார்க்க வேண்டும்!

ராத்தாவைப் பார்க்க வெள்ளிக்கிழமை வருகிறேன். வட்டிலப்பம் செய்யச் சொல்லுங்கள். வேண்டாம், வேண்டாம், அவவைக் கஷ்டப்படுத்த வேண்டாம். நானே வாங்கி வருகிறேன்.

உங்கள்
அகீல்


கண்டி
20 பெப்ரவரி 2019

மர்சூக் ஹாஜியாருக்கு,

மச்சான் என்று எழுதக் கை வரவில்லை.

திங்கட்கிழமை காலை என் ராத்தா மௌத்தான செய்தி வரும்போது நான் தெல்தெனியாவில் ஒரு மரண வீட்டில் நின்றேன். உங்களுக்குப் போன் செய்து கேட்டது ஒன்றே ஒன்று. "ராத்தாவ அடக்காம பின்னேரம் அஸர் தொழுக வரைக்கும் வைங்க. மந்திரி பேராதெனியாவுக்கு வாறார், அவரையும் கூட்டிக்கொண்டு வந்துடுறேன்." சில மணி நேரம். அவ்வளவுதான். நீங்கள் "ம்" என்றீர்கள். நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மந்திரியோடு உங்கள் வாசலில் இறங்கும்போது சனம் கலைந்து போய்க்கொண்டிருந்தது. "பகல் லுஹர் தொழுகையோட அடக்கியாச்சி" என்று யாரோ ஒரு பொடியன் சொல்கிறான். மந்திரி என் முகத்தைப் பார்க்கிறார். ஐந்து வருடமாக இந்த மாவட்டத்தில் எந்த மரண வீட்டுக்கும் நான் போகாமல் இருந்ததில்லை. எந்த மதமானாலும், எந்தக் கட்சிக்காரன் வீடானாலும் முன்வரிசையில் நின்றவன். என் சொந்த ராத்தாவின் முகத்தைப் பார்க்க விடவில்லை. கப்ரில் ஒரு பிடி மண் போட விடவில்லை. அடக்கிய மையவாடிப் பக்கமே போகாமல் திரும்பிவிட்டேன். போய் எந்த முகத்தோடு நிற்பது?

இனி உங்கள் வாசலை மிதிக்க மாட்டேன். தகரத்தை என் ஆட்கள் சனிக்கிழமை வந்து ஏற்றுவார்கள். ஸ்டோர்த் திறப்பை வேலைக்காரரிடம் கொடுத்து வையுங்கள்.

அகீல்


கடுகண்ணாவை
24 பெப்ரவரி 2019

முன்னாள் மாகாண சபை உறுப்பினர் அவர்களுக்கு,

தகரம் போய்விட்டது. ஸ்டோர் வெறுமையாக இருக்கிறது. வீடும்தான்.

நான் "ம்" என்றது உன் பேச்சுக்கு இல்லை. அந்த நேரம் குளிப்பாட்டும் பெண்கள் வெந்நீர் கேட்டார்கள், அவர்களுக்குச் சொன்னது. ஆனால் தெளிவாகக் கேட்டிருந்தாலும் நான் நிறுத்தியிருக்க மாட்டேன். மையத்தை அடக்காமல் வைத்துக்கொண்டு மந்திரிக்காகக் காத்திருக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. உன் வாப்பா வீட்டிலும் இருந்ததில்லை. மற்றவர்களுடைய மரண வீடுகளில் நாள் கணக்காகக் கூடாரம் போட்டு வைத்திருப்பதைப் பார்த்துப் பார்த்து உனக்கு நம்முடையது மறந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று செப்டம்பரில் எழுதினாய். எந்த வெள்ளி என்று எழுதவில்லை. வாசலில் வாகனச் சத்தம் கேட்டால் "தம்பியா பாருங்க" என்பாள். நான் எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். கடைசிவரை எழும்பிப் போனேன்.

தெல்தெனியாவிலிருந்து தனியாக ஒரு த்ரீவீலில் வந்திருந்தால் லுஹருக்கு முன் வந்து சேர்ந்திருப்பாய். மந்திரிக்காக நின்றாய். அதை என் கணக்கில் போடாதே.

மர்சூக்


கடுகண்ணாவை
29 ஜூன் 2025

அகீல்,

ஆறு வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். சமாதானம் பேச இல்லை.

போன புதன்கிழமை கராம்பு வாங்கக் கலஹாப் பக்கம் போனேன். திரும்பும்போது மலை மேல் நல்ல மழை. வேன் சேற்றில் நின்றுவிட்டது. பக்கத்து லயத்தில் ஒதுங்கினேன். உள்ளே நின்றும் நனைந்தேன். கூரை முழுக்கத் தறப்பாள், தறப்பாளுக்கு மேல் கல், கல்லுக்கு மேல் பழைய டயர். ஒரு கிழவி எனக்குக் கதிரை தந்து, அது நனையாத மூலை எது என்றும் காட்டித் தந்தா. பெயர் மூக்காயி. கட்டிலில் மகன் படுத்திருந்தான். போன வருடம் மழைக்குள் கூரையில் ஏறித் தறப்பாள் இழுத்துக் கட்டப் போய், வழுக்கி விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பெயர் கேட்டேன். சுந்தரலிங்கம்.

உன் கெட்டிக்காரப் பையன்.

மூக்காயி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தகரம் வருது வருதுனு சொல்லி இவந்தாங்க எல்லாரையும் சும்மா இருக்க வச்சான். தோட்டத்து தொரைகிட்டயும் கேக்க விடல, வேற கட்சிக்காரங்க வந்தப்பவும் வாங்க விடல. மெம்பர் ஐயா வாக்கு குடுத்திருக்காரு, மாற மாட்டாருனு சண்ட போட்டான்."

அவன் தலையைத் திருப்பி என்னிடம் கேட்டது ஒன்றுதான். "எலக்சன் எப்பங்க வைக்கிறாங்க?"

2019இல் வரும் என்றார்கள், பிறகு நோய் என்றார்கள், பிறகு நாடு வங்குரோத்து, கையில் காசில்லை என்றார்கள். வேறு தேர்தல் எல்லாம் வந்து போய்விட்டது. உன் மாகாண சபைத் தேர்தல் மட்டும் வரவில்லை. நீயோ அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்.

நான் நினைத்தேன், 2019இல் என் ஸ்டோரிலிருந்து ஏற்றிய தகரம் லயத்துக்குப் போய்விட்டது என்று. கோபம் இருந்தாலும் அந்த நம்பிக்கை இருந்தது. அன்று ஏற்றிய ஆட்களைத் தேடி இரண்டு நாள் விசாரித்தேன். பல்லேகலயில் உன் கூட்டாளியின் களஞ்சியத்தில் அப்படியே அடுக்கிக் கிடக்கிறது. உன் படம் அச்சடித்த தாளும் பக்கத்தில் கட்டுக்கட்டாக இருக்கிறதாம். அந்தப் படத்தில் உனக்குத் தலைமுடி கறுப்பு.

வரும் வெள்ளிக்கு முன் தகரம் கலஹாவுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் நான் பொலிஸில் வாக்குமூலம் கொடுப்பேன். பின்னால் குத்தினான் என்று சொல்லாதே. முன்னால் நின்று சொல்கிறேன்.

மர்சூக்


பல்லேகல சிறைச்சாலை
10 ஆகஸ்ட் 2025

அன்பின் மச்சான்,

இந்தச் சொல்லை எழுத ஆறு வருடம் ஆகியிருக்கிறது. ஏற்றுக்கொள்ளுங்கள்.

பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அரச சொத்தைப் பதுக்கினேன் என்று வழக்கு. ஒரு தகரத்தைக்கூட நான் விற்கவில்லை. எண்ணிப் பார்க்கட்டும் என்று நீதவானிடம் சொன்னேன். எண்ணிப் பார்த்தார்கள். குறையவில்லை. குறையாததுதான் குற்றம் என்கிறார் அரச சட்டத்தரணி.

பிணை தந்துவிட்டார்கள். கண்டி மாவட்டத்தில் சொந்தக் காணியோ அரச உத்தியோகமோ உள்ள இரண்டு பேர் வந்து ஒப்பமிட வேண்டும். முதல் நாள் சிரித்தேன், இரண்டு பேரா என்று. இப்போது மூன்றாவது கிழமை. என் கையால் வேலை எடுத்தவர்கள், என் கடிதத்தால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எடுத்தவர்கள், ஒருத்தரும் இல்லை. வீட்டுக்காரி பாயிஸாவும் பிள்ளைகளோடு கொழும்பில் அவள் வாப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். போன ஞாயிறு பார்க்க வந்தாள். நேரம் முடியுமுன் எழும்பிவிட்டாள்.

இங்கே என்னை யாரும் ஏசுவதில்லை, அடிப்பதில்லை. கதைப்பதுமில்லை. பக்கத்தில் படுப்பவனுக்கு நான் யார் என்றே தெரியாது. "என்ன கேஸ்?" என்று கேட்டான். "தகரம்" என்றேன். "திருடினீங்களா?" "இல்லை, வைத்திருந்தேன்." விளங்கவில்லை அவனுக்கு. திரும்பிப் படுத்துவிட்டான்.

ஜூன் கடைசியில் உங்கள் கடிதம் வந்தது. கோபத்தில் திறக்காமலே அலுமாரியில் போட்டேன். மன்னித்துவிடுங்கள். என்ன எழுதியிருந்தீர்களோ. யாரோ நெருங்கிய ஆள்தான் காட்டிக்கொடுத்திருக்கிறான். களஞ்சியம் இருக்கும் இடம் வெளியில் யாருக்கும் தெரியாது. யாரென்று தெரிந்தால் எழுதுங்கள்.

மச்சான், நீங்கள் ஒருவர் பிணை நின்றால் மற்றவரைத் தேடிக்கொள்வேன்.

அகீல்


கடுகண்ணாவை
16 ஆகஸ்ட் 2025

தம்பி,

நான்தான்.

திறக்காத கடிதத்தில் அதுதான் எழுதியிருந்தது. வெள்ளிவரை உனக்குத் தவணை தந்திருந்தேன். சனிக்கிழமை காலையில் போய் வாக்குமூலம் கொடுத்தேன். சுந்தரலிங்கம் படுக்கையில் கிடக்கிறான், தகரம் வருமென்று பார்த்துக்கொண்டிருந்த கூரையிலிருந்து விழுந்து. அந்தச் சேதி உனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தும் வைத்திருந்தாயா என்று எனக்கு நினைக்கப் பிடிக்கவில்லை. அதனால் தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன்.

நான் அரச தரப்புச் சாட்சி. சாட்சி பிணை நிற்க முடியாதாம். சட்டத்தரணியிடம் கேட்டேன். கேட்கவே தேவையில்லாத கேள்வி, ஆனாலும் கேட்டேன்.

இதை வாசித்துவிட்டுக் கிழித்துப் போடலாம். சிறையில் கடிதம் பார்க்கும் ஐயாவும் வாசிக்கட்டும். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

மர்சூக்


பல்லேகல
28 ஆகஸ்ட் 2025

சுந்தரம் விழுந்தது எனக்குத் தெரியாது.

போன வருடம் அவனுடைய போன் பல தடவை வந்தது. தகரத்துக்குத்தான் என்று நினைத்து எடுக்கவில்லை.

உங்கள் மேல் கோபப்பட முயற்சி செய்தேன். பத்து நாள் முயன்றேன். இங்கே நேரத்துக்குக் குறைவில்லை. முடியவில்லை. அந்தக் கோபமாவது ஒரு துணையாக இருந்திருக்கும்.

அகீல்


கடுகண்ணாவை
7 செப்டம்பர் 2025

தம்பி அகீல்,

பிணைக்கு ஆள் கிடைத்துவிட்டது. எப்படி என்று எழுதுகிறேன், சிரிக்க வருகிறதா பார்.

முதலில் நீ பள்ளிக்கூடத்து அதிபராக்கிவிட்டவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் சப்பாத்து இருந்தது, அவர் இல்லையாம். பிறகு நீ வேலை எடுத்துக் கொடுத்த அந்த எழுதுவினைஞர். "ஹாஜியார், எனக்கு ப்ரஷர். கோர்ட் படி ஏறினா மயக்கம் வரும்." "கீழ்த்தளத்திலதான் கோர்ட், படி இல்ல" என்றேன். "இறங்கினாலும் வரும்" என்கிறார். உன் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டிய ஒப்பந்தக்காரர் நல்ல தேத்தண்ணி தந்தார். பிஸ்கட்டும் தந்தார். உன் பெயரை மட்டும் எடுக்க விடவில்லை.

புருஷன் வீட்டிலிருந்து வந்திருந்த ஷஹ்மா தானாகச் சொன்னாள், "வாப்பா, நான் டீச்சர்தானே, என் ஒப்பம் செல்லும். மாமாதான் எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கினது." என் மகள் என்பதால் நான் கேட்டிருக்க மாட்டேன். அவளாகச் சொன்னதால் தடுக்கவும் இல்லை.

இரண்டாவது ஆள் மயில்வாகனம். உனக்குத் தெரியாது. ரயில்வேயில் இருந்து ஓய்வெடுத்த யாழ்ப்பாணத்து மனுசன், இங்கேயே ஒரு துண்டுக் காணி வாங்கி இருந்துவிட்டார். அவருக்கும் வீட்டில் ஆளில்லை, எனக்கும் ஆளில்லை. பின்னேரத்தில் தாம் பலகையில் காய் நகர்த்தி விளையாடுவோம். நான் கேட்கவே கூச்சப்பட்டேன். அவர் காயை நகர்த்திக்கொண்டே, "உவரை எனக்குத் தெரியாது. உம்மைத் தெரியும். எண்டைக்குக் கோட்? ஓம், வாறன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கு ஆட்டத்தில் வேண்டுமென்றே தோற்றேன். கண்டுபிடித்துவிட்டு ஏசினார்.

இன்னொரு சேதி. வழக்குக்குச் சான்றாகக் கொஞ்சம் தகரத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பிரதேச செயலகத்திடம் கொடுக்க நீதவான் உத்தரவிட்டார். நான் கலஹாவுக்குப் பார்க்கப் போனேன். பாதி வெள்ளை பூத்து ஒட்டிப்போய், பிரிக்கும்போது பொத்தல் விழுகிறது. நல்லதைப் பார்த்துத் தெரிந்தெடுத்துக் கூரைக்கு அடிக்கிறார்கள். லொறிச் சத்தம் கேட்டதும் சுந்தரலிங்கம் உள்ளேயிருந்து, "அம்மா, எலக்சன் வந்துருச்சா?" என்று கேட்டிருக்கிறான். "இல்லடா, மெம்பர் ஐயாவ புடிச்சிட்டாங்க" என்றாளாம் கிழவி. அவன் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்றாள்.

16ஆம் திகதி செவ்வாய்க்கிழமை கோர்ட் தவணை. ஒப்பமிட்டால் அன்றே விடுவார்கள்.

மர்சூக்


பல்லேகல
11 செப்டம்பர் 2025

அன்பின் மச்சான்,

நன்றி என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது. ஆனாலும் எழுதுகிறேன்.

ஒரு விண்ணப்பம். செவ்வாய்க்கிழமை வேலை நாள். தவணையை வெள்ளிக்கு மாற்றச் சட்டத்தரணியிடம் சொல்லலாமா? ஜும்ஆ முடிந்து சனம் வெளியே வரும் நேரம். பழைய ஆட்கள் சிலரை வாகனத்தோடு வாசலுக்கு வரச் செய்யலாம். மாலை வேண்டும் என்றில்லை. ஆனால் தனியாக ஒரு ஆள் இந்தக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவதை யாராவது படம் எடுத்தால், அத்தோடு முடிந்தது. இந்த வருடக் கடைசியில் தேர்தல் என்று இங்கேயும் பேசிக்கொள்கிறார்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆறு வருடமாகக் கேட்காதது. ராத்தாவின் கப்ர் எது? இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் யாருக்கும் சொல்லாமல் மையவாடிக்குப் போனேன். பெயரில்லை, ஒன்றுமில்லை, எல்லாம் ஒன்றுபோலப் புல். யாரிடமும் கேட்க வெட்கமாக இருந்தது. தம்பிக்கே தெரியாதா என்பார்கள். கேற்றடியில் நின்று எல்லாருக்குமாக ஒரு துஆ ஓதிவிட்டு வந்தேன். எந்தப் பக்கம், எந்த மரத்தடி என்று எழுதிவிடுங்கள்.

அகீல்


கடுகண்ணாவை
14 செப்டம்பர் 2025

தம்பி,

நாளைக்கு ஷஹ்மா உன்னைப் பார்க்க வருகிறாள். இதை அவள் கையில் கொடுக்கிறேன்.

வெள்ளிக்கு மாற்ற மாட்டேன். செவ்வாய்தான். வாசலில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். நான் சொல்லி நிறுத்தி வைத்தேன் என்று நினைக்காதே. உன் பழைய ஆட்களிடம் ஷஹ்மா கேட்டுப் பார்த்தாள். வெள்ளிக்கும் வரமாட்டார்கள். இதை மூடி எழுத எனக்குத் தெரியவில்லை.

பின்னேரம் என் பழைய வேன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும். மிளகு வாசம் வரும், பொறுத்துக்கொள். வழக்கைப் பற்றி நானும் நீயும் ஒரு சொல்லும் பேசக்கூடாதென்று சட்டத்தரணி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். பேச மாட்டேன். சாட்சிக் கூண்டில் ஏறும் நாளில் பார்த்ததை, தெரிந்ததை அப்படியே சொல்வேன். அதில் ஒரு சொல் கூடாது, குறையாது. அது அங்கே. வேனில் வேறு பேசலாம். பேசாமலும் வரலாம். இந்த வீட்டில் நான் பேசாமல் இருந்து பழகிவிட்டேன். கோப்பை கழுவும் சத்தம்தான் பேச்சு.

பாயிஸா கூப்பிடும்வரை பின்னறையில் இரு. அது ராத்தாவின் அறை. கட்டிலை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கப்ர் எது என்று கேட்டாய். எழுத மாட்டேன். எழுதினால் நீ "பிறகு போகலாம்" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிடுவாய். உன்னைத் தெரியும். செவ்வாய் வீட்டுக்குப் போகுமுன் வேனை மையவாடியில் நிறுத்துகிறேன். வெளிச்சம் இருக்கும்போதே போய்விடலாம்.

இந்த மழைக்கு ராத்தாவின் தலைமாட்டில் மண் இறங்கியிருக்கிறது. போன கிழமை பார்த்தேன். நிரப்பலாமென்று குனிந்துவிட்டு, விட்டுவிட்டு வந்தேன்.

ஒரு பிடி நீ போடு.

மர்சூக் மச்சான்